மூக்கடைப்புன்னு வந்த முக்கூடல் அக்கா: என்.கே./டி. செல் லிம்போமால இம்யூனோதெரபிக்கு எந்த இடம்?

பேஷண்ட்டோட சம்மதத்தோடதான் இத எழுதுறேன், ஆள் யாருன்னு தெரியவைக்கிற விஷயம் எல்லாத்தையும் எடுத்தாச்சு, சிலத மாத்தியாச்சு. 46 வயசு, திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்து கிராமம், கல்யாணம் ஆகி வந்த காலத்துலேர்ந்து பீடி சுத்துற அக்கா. சுகர் பிரஷர் கிடையாது. இடது மூக்கு அடைப்புன்னு ஆரம்பிச்சு ஏழெட்டு மாசம் கழிச்சு எங்க டீம்கிட்ட வந்து சேர்ந்தாங்க, அதுக்குள்ள மேல் அண்ணத்துல ஒரு புண்ணு வந்து நடுவுல கறுத்துப் போயிருந்துச்சு. கடைசியா வந்த டயக்னோசிஸ் எக்ஸ்ட்ராநோடல் என்.கே./டி. செல் லிம்போமா, நேசல் டைப், அதாவது என்.கே. செல், டி. செல்னு சொல்ற எதிர்ப்பு செல்லுங்கள்ல வந்து மூக்குல உக்காந்துக்கிற ஒரு கேன்சர்.

இந்த கேஸ முழுசா எழுதணும்னு தோணினதுக்கு காரணம் அவங்க தம்பி கேட்ட ஒரு கேள்வி. "மேடம், இம்யூனோதெரபின்னு புதுசா ஊசி வந்திருக்காம்ல, அத முதல்லயே போட்டுட்டா அக்காவுக்கு கரண்ட் வைக்காம தப்பிச்சிரலாமா? வயல வித்துக்கூட பாத்துக்கிடுதோம்." இம்யூனோதெரபின்னா நம்ம எதிர்ப்பு சக்தியையே கேன்சர அடிக்க வைக்கிற மருந்து. ரேடியேஷனுக்கு நம்ம பக்கம் கரண்ட் வைக்கிறதுன்னுதான் பேரு, அந்த பேரக் கேட்டாலே பாதி பேரு பயந்துருவாங்க. இந்த கேள்விக்கு ஒரு வரில ஆமா இல்லன்னு சொல்லி அனுப்ப முடியாது, ஆனா தப்பா பதில் சொன்னா ஒரு உயிரும் போகும் ஒரு வயலும் போகும். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பீடித்தூள் மேல போட்ட பழி

முதல் ரெண்டு மூணு மாசம் அவங்களும் சரி வீட்டுலயும் சரி இத ஒரு வியாதியாவே எடுத்துக்கல. பீடி சுத்துற வீட்டுல தும்மலும் மூக்கொழுகலும் இல்லாத ஆளே கிடையாது, தட்டுல தூள வச்சிக்கிட்டு நாள் முழுக்க குனிஞ்சே உக்காந்திருந்தா மூக்குக்குள்ள அது போகத்தான செய்யும். "தூளு ஒத்துக்கிடல"ன்னு அவங்களே முடிவு பண்ணி ஆவி பிடிச்சாங்க, மெடிக்கல்ல மூக்கு சொட்டு மருந்து வாங்கிப் போட்டாங்க. அப்புறம் ஒரு கிளினிக்ல சைனஸ்னு சொல்லி ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ், கேக்கலன்னு இன்னொரு கோர்ஸ், நடுவுல ஸ்டீராய்டு மாத்திரையும் கொஞ்ச நாள். ஸ்டீராய்டு போட்டதும் கன்ன வீக்கம் நல்லா வத்திருச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். மாத்திரைய நிப்பாட்டுன கொஞ்ச நாள்லயே திரும்ப வீங்கி, இந்த தடவ ரத்தமும் சேர்ந்து வந்துச்சு.

இந்த இடத்த டாக்டர்கள் யாராவது படிச்சா தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க. லிம்போமா ஸ்டீராய்டுக்கு தற்காலிகமா சுருங்கும். சுருங்கினதும் வியாதி குணமாகுதுன்னு நினைச்சுப்போம், அதே நேரத்துல பயாப்சி எடுத்தா செல்லெல்லாம் பாதி செத்துப்போயி பேதாலஜிஸ்ட்டுக்கு ஒன்னும் பிடிபடாது. ஒரே பக்கமா மூக்கடைப்பு, அதோட ரத்தம், அதோட கெட்ட வாடை, மூணும் சேர்ந்து வந்தா ஸ்டீராய்டுக்கு முன்னாடி ஸ்கோப் போட்டு பாக்கணும். அக்கா எங்ககிட்ட சொன்னது இதுதான்: "மூக்குக்குள்ள கெட்ட வாடை அடிக்கி டாக்டரம்மா, எம்மவளே பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டேங்கா." அந்த வாடைக்கு காரணம் உள்ள திசு அழுகிக்கிட்டு இருந்தது.

பாளையங்கோட்டைல ஒரு ஈ.என்.டி. டாக்டர் ஸ்கோப் போட்டு பாத்தப்போ மூக்கு நடுச்சுவர்லயும் பக்கத்துலயும் கறுப்பா செத்த திசுவும் பொருக்கும். 2021 கொரோனா ரெண்டாவது அலைக்கு அப்புறம் மூக்குல கறுப்பா எதப் பாத்தாலும் முதல்ல மியூக்கர், அதாங்க கருப்பு பூஞ்சை, ஞாபகம்தான் வரும், வரவும் வேணும். ஆனா இவங்களுக்கு சுகர் இல்ல, ஃபங்கஸ் டெஸ்ட்டும் கல்ச்சரும் நெகட்டிவ். முதல் பயாப்சி ரிப்போர்ட்ல "செத்த திசு, அழற்சி, கேன்சர் செல் தெரியல". அத வாங்கிட்டு வீட்டுக்காரங்க கோயிலுக்கு தேங்காய் உடைக்கப் போயிட்டாங்க. அந்த ஈ.என்.டி. டாக்டர் மட்டும் விடல. தியேட்டர்ல மயக்கம் கொடுத்து, செத்த திசுவ எல்லாம் ஒதுக்கிட்டு அதுக்கு அடில உயிரோட இருக்கிற சதைலேர்ந்து ஆழமா பல துண்டு எடுத்து அனுப்பினாரு. இந்த கேஸ்ல ஒருத்தர் உயிரக் காப்பாத்தினாருன்னு சொல்லணும்னா நான் அவரத்தான் சொல்லுவேன்.

ரெண்டாவது ரிப்போர்ட்ல ஏடாகூடமான லிம்பாய்ட் செல்கள் ரத்தக்குழாய் சுவத்த சுத்தி நின்னு அத அரிச்சுக்கிட்டு இருக்குன்னு வந்துச்சு. இந்த வியாதில திசு ஏன் அழுகுதுன்னா இதனாலதான், ரத்தக்குழாய் அடிபட்டு ரத்தம் போகாம செத்துப்போகுது. அந்த பயாப்சி துண்ட பெரிய லேபுக்கு அனுப்பி, செல்லு எந்த வகைன்னு காட்டுற இம்யூனோ ஸ்டெய்ன் போட்டதுல சி.டி.56 பாசிட்டிவ், செல்லுக்குள்ள சி.டி.3 பாசிட்டிவ், கிரான்சைம் பி பாசிட்டிவ் (மூணும் என்.கே. செல்லோட அடையாளம்), எல்லாத்துக்கும் மேல ஈபர் பாசிட்டிவ். ஈபர்னா எப்ஸ்டீன்-பார் வைரஸோட ஆர்.என்.ஏ. அந்த கேன்சர் செல்லுக்குள்ளயே இருக்குன்னு காட்டுற டெஸ்ட். இது நெகட்டிவா வந்தா இந்த டயக்னோசிஸ் சரிதானான்னு திரும்ப யோசிக்கணும், அந்த அளவுக்கு இந்த வைரஸும் இந்த வியாதியும் ஒட்டிக்கிட்டது.

என்ன வியாதி இது

எப்ஸ்டீன்-பார் வைரஸ 1964ல கண்டுபிடிச்சாங்க. உலகத்துல பெரியவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல பேரு உடம்புல இது எப்பவோ வந்து தங்கியிருக்கும், உங்களுக்கும் எனக்கும் இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். அதனால "யார்கிட்டேர்ந்து தொத்துச்சு, தட்டு டம்ளர் தனியா வைக்கணுமா"ங்கிற கேள்விக்கு பதில் வேண்டாம்ங்கிறதுதான். கோடிக்கணக்கான பேருக்கு ஒன்னும் பண்ணாத வைரஸ் யாரோ சிலருக்கு என்.கே. செல்லுக்குள்ள நுழைஞ்சு அத கேன்சரா மாத்திருது. சீனா, கொரியா, ஜப்பான் பக்கமும் பெரு, மெக்சிகோ மாதிரி லத்தீன் அமெரிக்க நாடுகள்லயும் இது அதிகம். நம்ம நாட்டுல அபூர்வம். முன்னாடி இதுக்கு கேன்சர்னே தெரியாம லெத்தல் மிட்லைன் கிரானுலோமான்னு பேரு வச்சிருந்தாங்க, முகத்தோட நடுப்பகுதிய அரிச்சு ஆளக் கொல்லுற கட்டின்னு அர்த்தம் வர்ற பேரு.

பீடித்தூளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு அக்கா பலமுறை கேட்டாங்க. பீடித்தூளால வந்ததுன்னு சொல்ல ஆதாரம் எதுவும் இல்ல, அதையேதான் அவங்ககிட்டயும் சொன்னேன். தூள் பண்ணின தப்பு ஒன்னே ஒன்னு, மூக்கடைப்புக்கு ஒரு ரெடிமேட் காரணமா நின்னு ஏழெட்டு மாசத்த தின்னுட்டுது.

சாதாரண லிம்போமாக்கு கொடுக்கிற சாப்ங்கிற நாலு மருந்து கீமோ இதுக்கு சரியா வேலை செய்யாது. இந்த செல்லுங்க மேல பி-கிளைகோபுரோட்டீன்னு ஒரு பம்ப் இருக்கு, சாப்ல இருக்கிற அட்ரியாமைசின் மாதிரி மருந்து உள்ள போனதும் வெளிய தள்ளிரும். இத தாண்டி வேலை செஞ்ச மருந்து அஸ்பாரஜினேஸ். அஸ்பாரஜின்ங்கிற அமினோ அமிலத்த நம்ம உடம்புல பெரும்பாலான செல்லு தானே செஞ்சுக்கும், இந்த கேன்சர் செல்லால முடியாது, ரத்தத்துல இருக்கிறதத்தான் நம்பி இருக்கும், மருந்து ரத்தத்துல இருக்கிற அஸ்பாரஜின உடைச்சிட்டா அது பட்டினில சாகும். 1953ல கிட்ன்னு ஒரு விஞ்ஞானி கினிப்பன்றி ரத்தத்தோட சீரத்த எலிக்கு போட்டப்போ எலியோட லிம்போமா கரைஞ்சத பாத்தாரு, அங்க ஆரம்பிச்ச கதை இது. 2011ல ஜப்பான், கொரியா டாக்டர்கள் சேர்ந்து ஸ்மைல்னு ஒரு கீமோ கலவைய முத்தின கேஸும் திரும்பி வந்த கேஸுமா 38 பேருக்கு கொடுத்து பாத்ததுல 79 சதவீதம் பேருக்கு கட்டி சுருங்கிச்சு, 45 சதவீதம் பேருக்கு முழுசா மறைஞ்சுது. அதுல முக்கியமான மருந்து எல்-அஸ்பாரஜினேஸ்.

மூக்கோட நிக்கிற ஆரம்ப ஸ்டேஜ்ல இன்னொரு விஷயம் அதவிட முக்கியம், ரேடியேஷன். 50 கிரே (ரேடியேஷன அளக்குற யூனிட்) அளவுக்கு குறையாம, சரியான இடத்துக்கு, சீக்கிரமா கொடுக்கணும். ஜப்பான்ல ரேடியேஷனும் கீமோவும் ஒரே நேரத்துல கொடுத்து பாத்த ஆய்வுல ரெண்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 78 சதவீதம். ரேடியேஷன தள்ளிப்போட்டு சாப் மட்டும் கொடுத்துக்கிட்டு இருந்த காலத்துல ரிசல்ட் ரொம்ப மோசம்.

ஸ்டேஜும் தம்பியோட கேள்வியும்

வியாதி இருக்கிற இடம் எரியுற மாதிரி வெளிச்சமா தெரியுற பெட் சி.டி. ஸ்கேன்ல மூக்கு, இடது மேக்சிலரி சைனஸ், அண்ணம் இவ்வளவுதான் எரிஞ்சுது, கழுத்து நெறிகட்டு இல்ல, நெஞ்சு வயிறு சுத்தம். எலும்பு மஜ்ஜைல ஈபர் போட்டு பாத்தாச்சு, இல்ல. ரத்தத்துல பாக்குற எல்.டி.எச். அளவு லேசா கூட. ரத்தத்துல அதே எப்ஸ்டீன்-பார் வைரஸோட (சுருக்கமா ஈ.பி.வி.) டி.என்.ஏ. பாசிட்டிவ், அதாவது கட்டியோட சுமை ரத்தத்துலயே அளக்குற மாதிரி இருக்கு, ட்ரீட்மெண்ட் போகப்போக இது குறையுதான்னு பாத்துக்கிட்டே வரலாம். ஹெபடைடிஸ் பி நெகட்டிவ். ஆக ஸ்டேஜ் ஒன்னு, ஆனா பக்கத்து எலும்பு வரைக்கும் அரிச்ச ஒன்னு. அதனால ரேடியேஷன் மட்டும் போதாது, கீமோவும் வேணும்.

திருப்பூர்ல வேலை பாக்குற தம்பி போன்ல எல்லாத்தையும் தேடிப் படிச்சிட்டு வந்திருந்தாரு. அவரு படிச்சதுல பொய் எதுவும் இல்ல. இந்த கேன்சர் செல்லு பி.டி.-எல்1ங்கிற புரோட்டீன மேல நிறைய காட்டும், அதுக்கு ஈ.பி.வி.யும் ஒரு காரணம். நம்ம எதிர்ப்பு செல்லுல இருக்கிற பி.டி.-1ங்கிற பிரேக்க அது வந்து அமுக்கும், எதிர்ப்பு செல்லு பக்கத்துலயே நின்னுக்கிட்டு ஒன்னும் செய்யாது. அந்த பிரேக்க எடுத்துவிடுற மருந்துங்கதான் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், சின்டிலிமாப் எல்லாம். இந்த அடிப்படைய கண்டுபிடிச்சதுக்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018ல நோபல் கொடுத்தாங்க. 2017ல அஸ்பாரஜினேஸும் கேக்காம திரும்பி வந்த என்.கே./டி. லிம்போமா பேஷண்ட்டுங்க 7 பேருக்கு பெம்ப்ரோலிசுமாப் கொடுத்ததுல 7 பேருக்கும் கேட்டுச்சு, 5 பேருக்கு வியாதி முழுசா மறைஞ்சுது. சீனால சின்டிலிமாப் 28 பேருக்கு கொடுத்த ஆய்வுல 75 சதவீதம் பேருக்கு கேட்டுச்சு, ரெண்டு வருஷத்துல 78.6 சதவீதம் பேரு உயிரோட. எல்லா வழியும் அடைபட்ட ஆளுங்களுக்கு இப்படி ஒரு ரிசல்ட்னா அது பெரிய விஷயம், அத படிச்சப்போ எங்களுக்கே சந்தோஷமா இருந்துச்சு.

தம்பிகிட்ட நான் சுட்டிக்காட்டினது ஒன்னே ஒன்னு. "தம்பி, இதெல்லாம் திரும்பி வந்த கேஸுக்கு. அக்காவுக்கு இது முதல் தடவ, அதுவும் மூக்கோட நிக்குது. இந்த நிலைமைல நல்லா குணமாக்குறது எதுன்னு ஏற்கனவே தெரியும். அத விட்டுட்டு தெரியாதத முதல்ல போடக்கூடாது. கூட சேத்து போட்டா இன்னும் நல்லா இருக்குமாங்கிறது நியாயமான கேள்வி, அதத்தான் இப்போ ட்ரையல்ல பாத்துக்கிட்டு இருக்காங்க."

அவரு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டாரு, "அப்போ கரண்ட் வச்சே ஆகணுமா?" வச்சே ஆகணும்னு சொன்னேன்.

ட்ரையல்ல என்னத்த தேடுறாங்க

ஆரம்ப ஸ்டேஜ் பேஷண்ட்டுக்கு முதல்லேர்ந்தே பி.டி.-1 மருந்த அஸ்பாரஜினேஸ் கீமோவோட சேத்து ஒன்னு ரெண்டு சைக்கிள், அப்புறம் ரேடியேஷன், சிலதுல ரேடியேஷனுக்கு அப்புறமும் கொஞ்ச காலம் அதே மருந்து. இப்படித்தான் இந்த ட்ரையல்களோட அமைப்பு இருக்கும். எத அளக்குறாங்கன்னா பெட் சி.டி.ல எத்தன பேருக்கு முழுசா மறையுது, ஈ.பி.வி. டி.என்.ஏ. ரத்தத்துலேர்ந்து போகுதா, ரெண்டு மூணு வருஷத்துல திரும்ப வருதா, சைடு எஃபெக்ட் தாங்குற அளவா. சேத்துக் கொடுக்கிறதுக்கு பின்னாடி உள்ள யோசனை என்னன்னா, ரேடியேஷன்ல செல்லு உடையும்போது அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வரும், எதிர்ப்பு செல்லுங்க அத அடையாளம் கண்டுக்கும், அந்த நேரத்துல பிரேக்கும் எடுத்துவிட்டிருந்தா கண்ணுக்குத் தெரியாம வேற எங்கயாவது ஒளிஞ்சிருக்கிற செல்லையும் தேடிப்போயி அடிக்கும். கேக்க அருமையா இருக்கு. அருமையா இருக்குங்கிறதாலயே உண்மையாயிராது, அதனாலதான் டெஸ்ட் பண்றாங்க.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதையா சொல்றேன்னா இதே யோசனைய மத்த கேன்சர்ல போட்டு பாத்தாச்சு. தலை-கழுத்து கேன்சர்ல கீமோ ரேடியேஷனோட அவெலுமாப்ப சேத்து 697 பேருக்கு பெரிய ட்ரையல் நடந்துச்சு, பலன் இல்லன்னு தெரிஞ்சு 2020ல நிப்பாட்டிட்டாங்க. பெம்ப்ரோலிசுமாப்ப அதே மாதிரி சேத்த இன்னொரு ட்ரையல்லயும் சொல்லிக்கிற அளவுக்கு வித்தியாசம் வரல. ஆனா நுரையீரல் கேன்சர் மூணாவது ஸ்டேஜ்ல கீமோ ரேடியேஷன் முடிஞ்ச பிறகு துர்வலுமாப் கொடுத்தப்போ வியாதி கட்டுக்குள்ள இருந்த காலம் 5.6 மாசத்துலேர்ந்து 16.8 மாசமா ஏறிச்சு. ஒரே வகை மருந்து, கூடவே கொடுத்தா ஒரு மாதிரி, அப்புறமா கொடுத்தா வேற மாதிரி, ஒரு உறுப்புல பலிக்கிறது இன்னொன்னுல பலிக்கல. எப்போ கொடுக்கிறதுங்கிறதே ஒரு தனி கேள்வி.

லிம்போமாக்குன்னு தனியா ஒரு பயமும் உண்டு. இங்க கேன்சர் செல்லே எதிர்ப்பு செல் வம்சம்தான். பிரேக்க எடுத்துவிட்டா போலீஸ் மட்டும் ஓடுவானா திருடனும் சேர்ந்து ஓடுவானா? இது வெறும் கற்பனை பயம் கிடையாது, 2018ல வயது வந்தோர் டி. செல் லுக்கீமியா-லிம்போமாங்கிற வேற ஒரு வியாதில 3 பேருக்கு நிவோலுமாப் கொடுத்ததும் வியாதி படுவேகமா கூடிருச்சு. என்.கே./டி. வகைல இதுவரைக்கும் நல்ல செய்திதான் அதிகம், ஆனாலும் கூட்டிக் கொடுக்கும்போது தைராய்டு, குடல், நுரையீரல், ஈரல்னு எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்குற சைடு எஃபெக்ட்டும் சேரும், அஸ்பாரஜினேஸ் ஏற்கனவே ஈரல வாட்டுற மருந்து. ஈரல் டெஸ்ட் ஏறினா இது எந்த மருந்தோட வேலைன்னு கண்டுபிடிக்கிறதே கஷ்டம், ஒன்னுக்கு ஸ்டீராய்டு கொடுக்கணும், இன்னொன்னுக்கு காத்திருக்கணும்.

அபூர்வ வியாதிங்கிறதால இன்னொரு கஷ்டம். ஒரு ஆஸ்பத்திரில வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற ஆளுதான் வருவாங்க, அதனால ட்ரையல் எல்லாம் சின்னது, பாதிக்கு மேல ஒரே குரூப்தான், சேத்துக் கொடுத்தவங்கள பழைய கணக்கோட ஒப்பிட்டு பாப்பாங்க. அப்படி வர்ற நல்ல ரிசல்ட்ட படிக்கும்போது, இவங்க எல்லாருக்கும் ரேடியேஷனும் அஸ்பாரஜினேஸும் ஒழுங்கா கிடைச்சிருக்கு, அதுவே பாதி வேலைய செஞ்சிருக்கும்ங்கிறத மறந்துறக்கூடாது.

அக்காவுக்கு நடந்தது

பெக்அஸ்பார்கேஸ் (அஸ்பாரஜினேஸ்ல ஒரு வகை), ஜெம்சைட்டபின், ஆக்சாலிபிளாட்டின் மூணும் சேந்த கலவை ரெண்டு சைக்கிள், அப்புறம் ரேடியேஷன், அப்புறம் அதே கீமோ இன்னும் ரெண்டு. முதல் சைக்கிள்ல ரத்தத்த உறைய வைக்கிற ஃபைப்ரினோஜென் நல்லா இறங்கிருச்சு, கணையத்துக்கு பாக்குற அமைலேஸ் கொஞ்சம் ஏறிச்சு, வயித்து வலி இல்ல, படுக்க வச்சு பாத்துக்கிட்டோம், தானா சரியாச்சு. ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு ஏறினதால எண்ணெய் தேங்காய் எல்லாம் நிப்பாட்டுங்கன்னோம். திருநெல்வேலிக்காரங்ககிட்ட தேங்காய் வேண்டாம்னு சொல்றது லேசுப்பட்ட காரியமில்ல, "அப்போ என்னத்தத்தான் திங்க"ன்னு அக்கா நிசமாவே கோவப்பட்டாங்க. ஆக்சாலிபிளாட்டின் போட்ட பிறகு குளிர்ந்தத தொட்டா கை விரல் சுரீர்னு இழுக்கும், விடியக்காலைல தாமிரபரணில குளிக்கிற பழக்கம் அவங்களுக்கு, அது சில மாசம் வெந்நீரா மாறுச்சு. வெள்ளை அணு குறைஞ்சிருக்கும்போது ஆத்துத் தண்ணி வேண்டாம்ங்கிறதுக்கும் அது சௌகரியமா போச்சு.

ரெண்டு சைக்கிள் முடிஞ்சு எடுத்த ஸ்கேன்ல கட்டி நல்லா சுருங்கியிருந்துச்சு ஆனா முழுசா போகல, ஈ.பி.வி. டி.என்.ஏ. மட்டும் ரத்தத்துல பிடிபடாத அளவுக்கு போயிருச்சு. இங்கதான் குடும்பத்துல திரும்ப பேச்சு வந்துச்சு, வாடை போயிருச்சு, மூக்கு திறந்திருச்சு, இனிமே எதுக்கு கரண்ட்டுன்னு. இந்த இடத்துல நழுவுன பேஷண்ட்டுங்க உண்டு, அதனால இத கொஞ்சம் அழுத்தியே பேசினோம். தேதி தள்ளாம ரேடியேஷன் ஆரம்பிச்சோம், முன்னாடியே பல் டாக்டர பாத்து ஆடுற பல்ல எடுத்தாச்சு, முகத்துக்கு அளவா மாஸ்க் செஞ்சு 25 நாளுக்கு பிரிச்சு மொத்தம் 50 கிரே, வாரத்துல அஞ்சு நாள்.

மூணாவது வாரம்தான் ரொம்ப கஷ்டம். வாய் முழுக்க புண்ணு, உப்பு உறைப்பு எதுவும் ஆகல, எச்சில் கெட்டியாகி ருசி சுத்தமா போயிருச்சு. ட்ரைகிளிசரைடு அதுக்குள்ள இறங்கியிருந்ததால அவங்க மக பச்சமிளகாயும் இஞ்சியும் போடாம தேங்காப்பால் சொதி வச்சு, குழைய வடிச்ச சோத்துல கரைச்சு ஆற வச்சு கொடுத்தா. அது ஒன்னுதான் உள்ள இறங்குச்சு. எடை நாலு கிலோ குறைஞ்சுது, ஆனா ஒரு நாள்கூட ரேடியேஷன் விட்டுப்போகல, நான் இந்த கேஸ்ல பெருமைப்படுறது அதுக்குத்தான், பெருமையும் எனக்கு சேர வேண்டியது இல்ல, தினம் பஸ் மாறி மாறி கூட்டிக்கிட்டு வந்த அவங்க வீட்டுக்கார அண்ணாச்சிக்கும் மகளுக்கும் சேர வேண்டியது.

ரேடியேஷன் முடிஞ்சு மிச்ச ரெண்டு கீமோவும் முடிஞ்ச பிறகு எடுத்த பெட் சி.டி.ல எரியுறது எதுவும் இல்ல. ஸ்கோப்ல ஆறின தழும்பு. ஈ.பி.வி. டி.என்.ஏ. நெகட்டிவ். அண்ணத்து புண்ணு மூடிருச்சு, ஓட்டை விழல.

காசும் ட்ரையலும்

வயல விக்கல. பி.டி.-1 மருந்து முழு டோஸுல தொடர்ந்து போட்டா லட்சங்கள்ல போகும், அதுவும் எத்தன மாசம்னு முன்கூட்டி சொல்ல முடியாது. கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கை கொடுத்துச்சு, அந்த அட்டை வீட்டுல இருக்கான்னு முதல் நாளே கேக்கணும், நிறைய பேரு எடுத்து வச்சிட்டு மறந்துருவாங்க. காசு விஷயத்துல நம்பிக்கை கொடுக்கிற வேலை ஒன்னு நம்ம நாட்டுலயே நடந்திருக்கு. மும்பை டாட்டா மெமோரியல்ல தலை-கழுத்து கேன்சர் முத்தின கேஸுல நிவோலுமாப்ப வழக்கமான டோஸ்ல பத்துல ஒரு பங்குகூட இல்லாம வெறும் 20 மில்லிகிராம் மூணு வாரத்துக்கு ஒருமுறை, மாத்திரை கீமோவோட சேத்து கொடுத்தாங்க. ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க மாத்திரை மட்டும் எடுத்த குரூப்ல 16.3 சதவீதம், ஊசியும் சேத்த குரூப்ல 43.4 சதவீதம். அது வேற கேன்சர், அந்த கணக்க இங்க அப்படியே தூக்கிட்டு வரக்கூடாது, ஆனா அபூர்வ லிம்போமாவுலயும் இப்படி குறைஞ்ச டோஸ முறையா டெஸ்ட் பண்ணினா முக்கூடல்காரங்களுக்கும் எட்டுற மருந்தாகும் இது. இந்த வேலைய வெளிநாட்டுக் கம்பெனி செய்யாது, நம்ம ஆஸ்பத்திரிங்க சேந்துதான் செய்யணும்.

ட்ரையல்ல சேரலாமான்னு கேக்குறவங்களுக்கு. இந்தியால நடக்கிற ட்ரையல் எல்லாம் சி.டி.ஆர்.ஐ.ங்கிற அரசு பதிவேட்டுல இருக்கணும், 2009லேர்ந்து அது கட்டாயம், யார் வேணும்னாலும் இலவசமா தேடிப் பாக்கலாம். நம்ம பக்கத்துலேர்ந்து ஆளுங்க மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேலூருக்கும் போறவங்கதான, போற இடத்துல "இந்த வியாதிக்கு ட்ரையல் ஏதும் இருக்கா"ன்னு வாய் திறந்து கேளுங்க. சேர்றதுக்கு முன்னாடி தமிழ்ல எழுதின சம்மதப் பத்திரம் கேட்டு வாங்கிப் படிங்க, ரேடியேஷனும் அஸ்பாரஜினேஸும் எனக்கு கட்டாயம் கிடைக்குமா, எந்த மருந்து இலவசம், எந்த டெஸ்ட்டுக்கு நான் காசு கட்டணும், ட்ரையலால உடம்புக்கு ஏதாவது ஆனா யார் பாத்துப்பாங்க, நடுவுல வேண்டாம்னா விலகலாமான்னு கேளுங்க. ட்ரையலால பாதிப்பு வந்தா மருத்துவச் செலவும் நஷ்டஈடும் கொடுக்கணும்னு மத்திய அரசோட 2019 ட்ரையல் விதிகள்ல இருக்கு, எப்போ வேணும்னாலும் விலகுற உரிமையும் உங்களுக்கு உண்டு. கினிப்பிக் ஆக்கிருவாங்கன்னு பயந்து கேக்காமலே வர்றவங்கதான் நான் பாத்ததுல அதிகம், கேட்டா மரியாதையா பதில் சொல்ற டீம்தான் அதிகம்.

அக்கா டயக்னோசிஸ் ஆன சமயத்துல அவங்க போய்வர முடியுற தூரத்துல அவங்க ஸ்டேஜுக்கு ஏத்த ட்ரையல் இல்ல. இருந்திருந்தா நானே எழுதி அனுப்பியிருப்பேன், ரேடியேஷனோட சேத்துக் கொடுக்கிற ட்ரையலா இருந்தா மட்டும்.

இப்போதைக்கு மூணு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கோப், ஈ.பி.வி. டி.என்.ஏ., ரத்த டெஸ்ட். முதல் ரெண்டு வருஷம்தான் திரும்பி வர்ற வாய்ப்பு அதிகமான காலம், அது தாண்டற வரைக்கும் இதுல விட்டுக்கொடுக்கிறதில்ல. உப்புத் தண்ணி விட்டு மூக்கு கழுவுறது தினமும், ரேடியேஷன் பட்ட தாடைல பல் பிடுங்கணும்னா எங்ககிட்ட கேக்காம பிடுங்கக்கூடாது. பீடி சுத்துறத விட்டுட்டாங்க, உலர்ந்துபோன மூக்குக்கு தூள் ஆகாதுங்கிறதால நாங்களும் அதான் சொன்னோம், மக இப்போ தையல் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கா. ஈ.பி.வி. டி.என்.ஏ. திரும்ப ஏறினாலோ மூக்குல புதுசா எதுவும் தெரிஞ்சாலோ முதல்ல பயாப்சி, உறுதியானா அப்போ பி.டி.-1 மருந்துதான் எங்க கைல முதல்ல இருக்கு, அதுக்கான பேச்ச தம்பிகிட்டயும் அண்ணாச்சிகிட்டயும் இப்பவே பேசி வச்சாச்சு.